ரிப்பன் வெட்டாத வண்டி

கவுன்சில் கூட்டங்களில் இழுத்தடித்து, ஒருவழியாக வாங்கிய தீயணைப்பு வண்டி பூமாலையோடு நின்றது. அதன் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார் கொள்முதல் அதிகாரி எலியோதோரோ. கடைத்தெருப் பக்கம் புகை ஏறிக்கொண்டிருந்தது.

“சாவியைக் குடுய்யா!” தீயணைப்புத் தலைவி கிரிசெல்டா கத்தினார். “எரியற கட்டடத்துக்குள்ள ஆள் மாட்டியிருக்கு!”

“ஃபாதர் தீர்த்தம் தெளிக்கணும், ஊர் வழக்கப்படி சக்கரத்துக்கு பீர் ஊத்தணும், மேயர் ரிப்பன் வெட்டணும். அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாதுன்னு அவர் உத்தரவு.”

“எரிஞ்சு சாகட்டும்ங்கிறியா?”

எலியோதோரோ சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “போன தடவை மேயர் வர்றதுக்கு முன்னாடி குப்பை லாரியை எடுத்தவனுக்கு வேலையே போச்சும்மா. அவர் வாயால சொல்லட்டும், தர்றேன்.”

கிரிசெல்டாவின் போன் அலறியது. கேட்டவர், அதை அப்படியே எலியோதோரோவின் காதில் வைத்து அழுத்தினார்.

“நீயே கேட்டுக்க. அங்க மூணாவது மாடி ஜன்னல்ல நின்னுக்கிட்டு உன் மேயருதான் கத்தறாரு.”