மதுரைக்குப் போகாத சட்டை

“சட்டை எங்க தச்சது தம்பி?”

பெண் பார்க்க வந்தவனிடம் பெண்ணின் தாய் இதையா முதலில் கேட்பாள்? இருந்தாலும் ராஜகுரு அசரவில்லை.

“சிங்கப்பூர்ச் சரக்குங்க. டெரிலின் தவிர எதுவும் நம்ம ஒடம்புக்கு ஒத்துக்கிறதில்ல” என்றான்.

அருப்புக்கோட்டையில் மாமன் கடையில் பொட்டலம் மடிக்கிறவன், பாலவனத்தத்துக்கு முதலாளியாக வந்திருந்தான். ஐந்து வீட்டில் கைவிரித்த பிறகு வாய்த்த இடம். பருத்திக்காடும் ஒரே பெண்ணும் உள்ள வீடு. இதுவும் தட்டிப்போனால் ஆயுசுக்கும் பொட்டலம்தான்.

அதனால்தான் விடிந்ததுமே சலூன் சோணைமுத்துவிடம் போய் உட்கார்ந்தான். சுற்றுப்பட்டு ஊர்களின் நல்லது கெட்டதுக்கெல்லாம் போய்வருகிற கை அது. சோணைமுத்து சோப்பை நுரைத்து, கத்தியைத் தோல்வாரில் தீட்டி, இரண்டு தரம் மழித்துப் படிகாரம் தேய்த்தான். மீசை முனைகளை எலிவாலாக இழுத்துவிட்டான். இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை ஒன்றையும் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தான். எங்கே பயணம் என்று கேட்டான்.

இரவல் சட்டையில் பெண் பார்க்கப் போவதாகச் சொல்ல கௌரவம் விடுமா? மதுரையில் மில் முதலாளிகளோடு பேச்சுவார்த்தை என்றான் ராஜகுரு.

“மதுரைக்குத்தானே? அப்பச் சரி, போட்டுக்கங்க. இதக் கேட்டு யாரும் வரமாட்டாக.”

பெண் வீட்டு நாய் ஆளைக் கடித்துக் குதறும் என்று தரகர் பயமுறுத்தியிருந்தார். அது ராஜகுருவின் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே அவன் காலடியில் படுத்துக்கொண்டது. காப்பி கொண்டுவந்த பெண் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்தாள். டம்ளரோடு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.

எல்லாம் டெரிலின் செய்கிற வேலை என்று ராஜகுரு தன்னையே மெச்சிக்கொண்டான். அந்தத் தெம்பில், தன் முகத்தில் அடுத்தவன் கத்தி பட்டதேயில்லை, தினமும் சீமை பிளேடில் சுயசவரம்தான் என்றும் எடுத்துவிட்டான்.

பெண்ணின் தாய் கோகிலாம்பாள் எழுந்து கிட்டே வந்தாள். இரண்டாவது பொத்தானை விரலால் மெல்லத் தடவினாள். வெள்ளைச் சட்டையில் அது மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

“வெள்ளை நூலு தீந்துபோச்சுன்னு நாந்தான் இத செவப்புல தச்சேன் தம்பி. இவ அப்பாவப் பாடையில வைக்கையில இந்தச் சட்டையத்தான் போட்டுவிட்டோம். சுடுகாட்டுல கழட்டுறது சோணைமுத்துக்குச் சேரும், அது வழக்கம்” என்றாள்.

பிறகு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அன்னைக்கு அவுகளுக்குக் கடைசிச் சவரம் பண்ணி, மீசையையும் இதே மாதிரிதான் இழுத்துவிட்டான். கத்தியும் அதே கத்திதான் போல.”