பக்கத்து மாநிலத்து அதிகாரி

"பக்கத்து மாநிலத்துல பத்து வருஷம் வரியே வேண்டாங்கறாங்க சார்," என்றார் கார் கம்பெனி மேனேஜர்.

தொழில் துறை அதிகாரியான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தொழிற்சாலையைக் காட்டி, இரண்டு மாநிலத்தையும் ஏலம் விடுகிறார் மனுஷன். அந்தப் பக்கம் ஏற்றிவிடுகிற அதிகாரி மட்டும் கையில் கிடைத்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

"பதினஞ்சு. நிலமும் இலவசம்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கலந்து பேசிட்டுச் சொல்றேன்," என்று கிளம்பிவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த மனைவி, கைப்பையைச் சோபாவில் வீசினாள். எல்லை தாண்டிப் போய் அரசாங்க வேலை பார்க்கிறவள். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். போன மாதம் அவளை எந்தத் துறைக்கு மாற்றினார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை; என் மேஜைக்கு என்ன கோப்பு வருகிறது என்று அவளும் கேட்டதில்லை.

இன்று அவளால் அடக்க முடியவில்லை.

"உங்க மாநிலத்துல எந்த மடையன் அது? நான் பத்து வருஷம் குடுத்தா, அவன் பதினஞ்சாம், நிலமும் சும்மாவாம். விடுவேனா? இருபதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

என் போன் அடித்தது. மேனேஜர்.

"சார், அந்தப் பக்கம் இப்ப இருபது வருஷம்..."

"தெரியும்," என்றேன்.