ஏரியலுக்கு ஓர் இடம்

"இங்கேதான் வேணும்" என்று அந்த அம்மா விரலை வைத்த இடம், காரின் முன்பக்க இடது மூலை. ஹெட்லைட்டுக்கு நேர் மேலே.

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த ட்ரில்லைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்த இடத்துல யாரும் ரேடியோ ஏரியல் வைக்க மாட்டாங்க. பின்னாடி டிக்கி ஓரமா வைக்கலாம். இல்லேன்னா முன்கண்ணாடி பக்கத்துல வைக்கலாம்."

"டிக்கி ஓரம்தான்" என்றார் கணவர்.

பழைய கார். வயதில் அவருக்குத் தம்பி மாதிரி. புதிதாகக் கருநீலப் பெயிண்ட் அடித்திருந்தார். ஷெட்டுக்குள் வந்ததிலிருந்து கைக்குட்டையால் அதைத் துடைப்பதே வேலையாக இருந்தார்.

"இதுல ஓட்டை போடறதே எனக்குப் பிடிக்கலை தம்பி. போட்டுத்தான் ஆகணும்னா கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்துப் போடுங்க."

"கண்ணுக்குத் தெரியணும்" என்றார் மனைவி.

"கேட்டீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கூத்துதான்."

"பாட்டு கேட்கப் போறது நானு. வண்டியில ஏறினா நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசறீங்களா? நான் உட்கார்றது இடது பக்கம். ஏரியலும் என் பக்கமே இருக்கட்டும்."

"காத்துல வர்ற பாட்டுக்கு உன் பக்கம், என் பக்கம்னு பாகப்பிரிவினை எல்லாம் கிடையாதும்மா" என்றார் எலக்ட்ரீஷியன். வாசலில் வேறு வண்டிகள் காத்திருந்தன. "அங்கே வெச்சா இன்ஜின் சத்தமும் சேர்ந்து ரேடியோவுக்குள்ள வரும். கர்ர்ருன்னு இரையும். பாட்டு காதுலயே விழாது."

"விழற வரைக்கும் கேட்டுக்கறேன்."

"ஒரு கொடியையும் கட்டிவிட்டுடுங்க தம்பி" என்றார் கணவர். "மந்திரி வண்டின்னு போறவன் வர்றவனெல்லாம் சலாம் போடட்டும்."

"போட்டா வாங்கிக்குங்க."

எலக்ட்ரீஷியன் டிக்கி ஓரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தார். அந்த அம்மா அதைப் பிய்த்துக்கொண்டு போய் முன் மூலையில் ஒட்டினார். எலக்ட்ரீஷியன் சமாதானமாக, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். அதுவும் பிய்ந்து மூலைக்கே போனது.

"அம்மா, இது சுவத்துல ஆணி அடிக்கறது இல்லை. ஒரு தடவை ஓட்டை போட்டா போட்டதுதான்."

"தெரியும்பா. அதனாலதான் சரியான இடத்துல போடச் சொல்றேன்."

கணவர் கோபத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்திலும் மெதுவாகத்தான் சாத்தினார்.

அந்த அம்மா ஏரியலை எடுத்து நீட்டி, மூலையில் நிறுத்திப் பிடித்தார்.

"என்னங்க, அங்கேருந்து தெரியுதா?"

"தெரியாம என்ன? தெருக்கம்பம் மாதிரி நிக்குது! என் கண்ணைக் குத்தணும், அதானே உனக்கு?"

"ஆமா" என்று திரும்பினார் அந்த அம்மா. "போடுப்பா."

எலக்ட்ரீஷியன் கணவரைப் பார்த்தார். அவர் இறங்கி வந்து இரண்டு கைகளையும் விரித்தார்.

"போட்டுத் தொலைங்க தம்பி. இல்லேன்னா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா. பாட்டுப் பைத்தியத்தைக் கட்டிக்கிட்டது என் தலையெழுத்து."

வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்தபடி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஓரமா" என்றார் அந்த அம்மா.

"இதுக்கு மேல ஓரம்னா ரோட்டுலதாம்மா நடணும்."

ட்ரில் இறங்கியது. கருநீலம் துகளாக உதிர்ந்தது. ஏரியல் நின்றது. வயரை இழுத்து மாட்டி, ரேடியோவைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பினார்.

செய்தி வாசிப்பவர் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் உட்கார்ந்து வாசித்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அவரும் முழுகிப்போனார்.

கணவர் ஓடி வந்தார். முகத்தில் அன்றைக்கு முதல் சந்தோஷம்.

"கேளு! நல்லா காது குளிரக் கேளு!"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மனைவி.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். உதிர்ந்த துகளைத் துடைக்கக் கைக்குட்டையை நனைத்து வரலாம் என்று ஷெட்டின் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார்.

எலக்ட்ரீஷியனுக்குப் பொறுமை போய்விட்டது. இன்ஜினை நிறுத்தினார்.

"சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. குழந்தை மாதிரி அந்த வண்டியை வெச்சிருக்கார். உங்க பிடிவாதத்துக்காக அதோட மூஞ்சியில ஓட்டை போட வெச்சுட்டீங்க. பாட்டாவது கேட்குதா? அதுவும் இல்லை. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அதை அடைச்சு, பெயிண்ட்டைத் தொட்டு விட்டுடறேன். ஏரியலைப் பின்னாடி மாத்திடலாம்."

அந்த அம்மா குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம்பா. முன்ன மாதிரி அவருக்கு அந்த மூலை பிடிபட மாட்டேங்குது. வீட்டு கேட்டுல இடிச்சு இடிச்சுத்தான் இந்தப் புதுப் பெயிண்ட்டே. இன்னொரு தடவை இடிச்சா சாவியைப் பிடுங்கிக்கிட்டு வண்டியை வித்துடுவேன்னு பையன் சொல்லிட்டான். வித்துட்டா இந்த மனுஷன் படுத்துடுவார். மூலை தெரியறதுக்கு ஒரு கம்பி நட்டுக்குங்கன்னு சொன்னா ஒத்துக்குவாரா? பாட்டுப் பைத்தியம் பிடிச்ச பொண்டாட்டி அடம் பிடிக்கறான்னாதான் ஒத்துக்குவார்."