உடனே

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்த சிங்களக் கடிதத்தை இராக்கம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; ஓர் எழுத்தும் புரியவில்லை. அடியில் முத்திரை வேறு. மண்சரிவு அபாயம் என்று போன மழையின்போது மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்ததும் இப்படியொரு கடிதம்தான். மறுநாளே பத்துக் குடும்பங்களும் வெளியேறின.

"நம்ம லயமும் போச்சுங்க."

புருஷன் சின்னராசா கடிதத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "'உடனே'ன்னு போட்டிருக்கு புள்ள."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒரு குத்துமதிப்புதான்."

சட்டி பானையை மூட்டை கட்டி வைத்துவிட்டு இருவரும் பதுளை டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். தெரிந்த கடைக்காரர் சுந்தரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார்.

"உடனே திருப்பிக் குடுக்கணுமாம்," என்றார் அவர்.

"வீட்டையா முதலாளி?"

"புத்தகத்தை. இது லைப்ரரிக் கடிதம். சின்னராசா எடுத்த புத்தகத்துக்குத் தவணை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சாம்."

"இவரு புத்தகம் எடுத்தாரா? என்னா புத்தகம்?"

"சிங்களம் வாசிக்கப் படிக்கிற புத்தகம்."

சின்னராசா தலையைச் சொறிந்தான். "மேல் லயத்துக்காரங்க போன அன்னிக்கு எடுத்தேங்க. இந்த மாதிரிக் கடுதாசி வந்தா பயப்படாம நாமளே வாசிச்சுக்கலாம்னு... இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு."