ஊன்றிய கழி

கழியை ஊன்றினான்.

சேறு.

தள்ளினான். படகு நகர்ந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு மூட்டை போன கால்வாய். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் உல்லாசப் படகு. கண்ணாடி போட்ட ஒருவர், அவர் மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பாப்பா. மூன்று பேருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கையில் சிப்ஸ் பாக்கெட்.

மறுபடி ஊன்றினான். மறுபடி சேறு.

கழி பிடிக்கிறவனுக்கு அடித்தரையைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. கல் என்றால் தோள்வரை அதிரும். கிழிந்த வலை என்றால் பிடித்து இழுக்கும். சேறு விழுங்கும்.

அவன் பெண்சாதி காசியம்மாவும் இந்தத் தண்ணீரில்தான் பிழைத்தாள். கழுத்தளவில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி வெறுங்கையால் இறால் பிடிப்பாள். முந்தாநாள், மேற்கே எங்கோ பெய்த மழை, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளமாய் வந்தது.

பறி மட்டும் மதகில் சிக்கிக் கிடைத்தது.

தீயணைப்புக்காரர்கள் பொழுது சாயும்வரை தேடினார்கள். "கடலுக்குப் போயிருக்கும்பா. வீட்டுக்குப் போ" என்று கிளம்பிவிட்டார்கள்.

படகு முதலாளியிடம் போய்ப் படகு கேட்டு நின்றான். சும்மா தர முடியாது, சவாரி ஓட்டுவதென்றால் எடுத்துக்கொள் என்றார்.

எடுத்துக்கொண்டான்.

"என்னண்ணே, நேராப் போக மாட்டேங்கிறீங்க? கரைக்குக் கரை கோலம் போடுறீங்க!" என்றார் கண்ணாடிக்காரர். "உள்ள முதலை கிதலை தேடுறீங்களா?"

"சும்மா இருங்க. பாப்பா பயந்துக்கப் போறா" என்றாள் மனைவி.

பாப்பா பயப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவனும் சிரித்து வைத்தான். சவாரி என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

ஊன்றினான். சேறு.

ஊன்றினான். கல்.

ஊன்றினான்.

கல் இல்லை. வலை இல்லை.

அடியில் ஏதோ அமுங்கியது. பிறகு மெல்ல எழும்பியது.

அழுத்தினால்தான் படகு நகரும். அவன் அழுத்தவில்லை.

கழியை அலுங்காமல் தூக்கினான். ஒரு முழம் தள்ளி, சேற்றில் ஆழச் செருகினான். தோளில் கிடந்த துண்டை உருவி அதன் தலையில் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

கையை விட்டான்.

படகு விலகியது.

"அண்ணே! கழிய விட்டுட்டீங்க! கழி!"

அவன் விளிம்பில் மண்டி போட்டான். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை வழித்து வழித்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.

பாப்பாவுக்கு ஒரே குஷி. அவளும் மறுபக்கம் சாய்ந்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள்.

படகில் ஏறியதிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கைய உள்ள எடு, கண்ணு."