ஒரு டம்ளர் கரைசல்

"குடிச்சிடுங்க சார். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார் முதல் மாடித் தையல்காரம்மா.

மொட்டை மாடியில், கத்தரிச் செடிகளுக்கு நடுவே, கையில் டம்ளரோடு நின்றிருந்தார் கரைசல் சார். பக்கத்தில் நின்ற மனைவியோ அதைப் பிடுங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஓய்வுபெற்ற அந்தத் தலைமைக் குமாஸ்தாவுக்குப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. குடியிருப்பில் யாராவது வாய் தவறிப் 'பூச்சி மருந்து' என்றால் போதும், பிடித்துக்கொள்வார்.

"மருந்தா? அது விஷம்! கரைசல்னு சொல்லுங்க. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூணையும் அரைச்சு வடிகட்டித் தெளிச்சா ஒரு புழு அண்டாது. நாமளே ஒரு டம்ளர் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம்!"

சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் இன்று அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. வீட்டுத் தோட்டப் போட்டியின் கோப்பையோடு சங்கத் தலைவி மாடியேறி வந்திருந்தார். ஓட்டையே இல்லாத கத்தரிக்காய்களைப் பார்த்து மலைத்துப்போய் அவர் கோப்பையை நீட்டிய நேரத்தில், தன் வெண்டைக்காயில் பாதியைப் புழுவுக்குத் தாரைவார்த்திருந்த தையல்காரம்மா, தெளிப்பானிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டிவிட்டார்.

அந்தக் கோப்பைக்காகக் கரைசல் சார் மூன்று மாதமாகத் தவம் கிடந்தார். அதை வைப்பதற்காக அலமாரியில் மனைவியின் பீங்கான் பொம்மைகளைக்கூட அப்புறப்படுத்தியிருந்தார்.

தலைவி டம்ளரை முகர்ந்து பார்த்தார். "பூண்டு வாசனை ஆளைத் தூக்குது. குடிங்க சார், போட்டோ எடுத்துக்கறேன்."

"குடிங்களேங்க" என்றார் மனைவியும். "ஒண்ணும் ஆகாது. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ சும்மா இரு! ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு வாராவாரம் அரைக் கிலோ பூண்டு வாங்கற ஆளு நீ. உனக்கு என்ன தெரியும்?"

கரைசல் சார் டம்ளரை உதடு வரை கொண்டுபோனார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க. இது கரைசல் இல்லை, மருந்து. கடையில வாங்கினது. லேபிளைக் கிழிச்சுட்டு மல்லித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். மூணு மாசமா அந்த ஒரே பாட்டில்லேர்ந்துதான் கலக்கி அடிக்கிறேன். வாசனைக்கு மூடியில நாலு பல் பூண்டைத் தேய்ச்சுடுவேன்."

"அடப்பாவி மனுஷா!" தலைவி அலறினார். "வாரம் தவறாம எங்க வீட்டுக்குக் குடுத்தீங்களே கத்தரிக்காய்! நீங்களும் அதைத்தானே சாப்பிட்டீங்க?"

"எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காதுங்க."

தலைவி கோப்பையைத் தையல்காரம்மாவின் கையில் திணித்தார். "புழு தின்னாலும் யோக்கியமான வெண்டைக்காய். வெச்சுக்கோங்க!"

அப்போதுதான் மனைவி குனிந்து டம்ளரை எடுத்தார். யாரும் சுதாரிப்பதற்குள் மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டார்.

"ஐயோ! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" கரைசல் சாருக்குக் கோப்பை, மானம் எல்லாமே மறந்துபோயின. ஓடிவந்து மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

மனைவி இருமினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிளகாய் கொஞ்சம் தூக்கல். வேற ஒண்ணுமில்லை. நீங்க வாங்கி வந்த அன்னைக்கே அந்த பாட்டிலை மாத்திட்டேன். வாராவாரம் அதுல நிஜக் கரைசலை அரைச்சு ஊத்தி வெச்சது நான்தான்."

"ஏன்... ஏன் அப்படிப் பண்ணினே?"

"கூட்டத்துல நீங்க பேசினதை நம்பித் தொலைச்சுட்டேங்க!"