முதலாளி நக்கிய கரண்டி

நண்பகல் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியின் எண்ணெய்ப் பிசுக்கைத் தாண்டி மஞ்சளாக அடுப்படியில் விழுகிறது. பெரிய பானையில் அவள் வைத்த சூப் தளதளவென்று கொதிக்கிறது. ஹோட்டலின் தலைமைச் சமையல் வேலை அவளுக்கா, அங்கேயே ரொட்டி சுடும் ரொட்டிக்காரருக்கா என்று இன்று முடிவு சொல்ல முதலாளி வந்திருக்கிறார். ஒரு கரண்டி அள்ளி உறிஞ்சுகிறார். கரண்டியின் அடிவரை நக்குகிறார். அதையே மறுபடி பானைக்குள் விட்டுக் கலக்குகிறார். சாயம் பூசிய மீசையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுகிறது. ஓர் ஈ விழுந்தாலே பானையோடு கொட்டிவிடுகிறவள் அவள். “சும்மா சொல்லக்கூடாதுய்யா, நீங்க கலக்கினப்புறம்தான் மணமே வருது,” என்கிறார் ரொட்டிக்காரர். அதே கரண்டியை வாங்கி, கண்ணை மூடிச் சப்புகிறார். முதலாளியின் முகம் மலர்கிறது.

“உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. ஆனா மேல வர்றவங்க நம்ம ஆளா இருக்கணும் பாரு.” முதலாளி கரண்டியைத் திரும்ப வாங்கி மீண்டும் முக்கி, சொட்டச் சொட்ட அவள் வாய்க்கு நேரே நீட்டுகிறார். விளிம்பில் எச்சில் நுரை மினுங்குகிறது. “என்னக்கா, நீங்க வச்ச சூப்பு உங்களுக்கே எறங்கலையா?” என்று ரொட்டிக்காரர் இளிக்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். வெதுவெதுப்பாக ஏதோ தொண்டையில் இறங்குகிறது. “உப்பு இப்பதாங்கய்யா சரியா நிக்குது,” என்கிறாள். காலையிலேயே உப்பைச் சரியாகப் போட்டவள் அவள்தான். வெளியே முதல் மேஜைக்கான மணி அடிக்கிறது. அவள் அகப்பையை எடுத்து, அந்தப் பானையிலிருந்தே, ஒரு சொட்டும் சிந்தாமல் கிண்ணத்தை நிரப்புகிறாள்.